இரண்டு பைப்பும் ஒரே சூடு

காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கேஸை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது. விட்ட கேஸ் ஏசி மெஷினுக்குள் ஓடி ஓடி ஒரு நிதானத்துக்கு வர வேண்டும், கம்ப்ரஸர் இரைச்சல் ஒரே சீராக வேண்டும், அதற்கப்புறம்தான் பைப்பில் கை வைக்க வேண்டும். அதற்குள் அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் ஆடுகிறதே என்று பதறுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முள் இறங்கினால் சிலிண்டரைத் திறப்பார்கள், ஏறினால் புஸ்ஸென்று வெளியே விடுவார்கள், பொழுது போவது தெரியாமல் இதையே செய்துகொண்டிருப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. சவரிநாதன் என்று கேட்டால் குன்னூரில் பாதிப் பேர் முழிப்பார்கள். கை சவரி என்று கேளுங்கள், வீடுவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். இடது கையில் சின்ன பைப், வலது கையில் பெரிய பைப், இரண்டையும் பிடித்துக் கண்ணை மூடினால் போதும், உள்ளே கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும். கேஜ் பொய் சொல்லும், கம்பெனிக்காரன் பொய் சொல்வான், வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கை பொய் சொல்லாது. இன்றைக்குக் குளிர் கொஞ்சம் ஜாஸ்தி. விரல் நுனியெல்லாம் யாருடையதோ போல இருக்கிறது. டிசம்பர் மாதம் வண்டிச்சோலையில் யாருக்குத்தான் விரல் மரத்துப்போகவில்லை.

சாயங்காலத்துக்குள் இந்த வீட்டின் உள்ளறை சூடாகிவிட வேண்டும். குழந்தை வருகிறது. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட பெண் குழந்தை, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது. வீட்டுக்காரம்மா செண்பகவல்லிக்கு அது தங்கச்சி குழந்தை. அம்மா இல்லாத பெண்ணுக்கு அக்கா வீடுதானே தாய்வீடு, அதனால் மலை ஏறி வருகிறார்கள். அறை குளிரவே கூடாது, கம்பி ஹீட்டர் வைத்துக் காற்றை உலர்த்தவும் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். போன வருஷம் வாங்கி மாட்டிய மெஷின் இருக்கிறது, வெயிலுக்குக் குளிரும் குளிருக்குச் சூடும் தருகிற ஹீட் பம்ப். காலையில் போட்டுப் பார்த்தால் அறை சூடேறவே இல்லையாம். உடனே எனக்குத்தான் போன். "அண்ணா, நீங்களே வரோணும், வேற யாரையும் அனுப்பீராதீங்க" என்றது அந்த அம்மா. பாருங்கள், நீங்களே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பனியில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு வந்தேன். பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அவுட்டோர் யூனிட்டைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நிற்க இடமிருக்கிறது, கீழே தேயிலைச் சரிவு தெரிகிறது, ஒருவரும் தலைக்குமேல் நின்று கேள்வி கேட்கவில்லை. வேலை செய்ய நல்ல இடம்.

வந்ததும் ஃபில்டரைத்தான் பார்த்தேன். ஒரு வருஷத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கழுவி உதறி மாட்டினேன். அது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை, அதில் பெருமை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் மெஷினைச் சூட்டில் ஓடவிட்டு, வெளியே வந்து, பைப்பின்மேல் இருக்கிற கறுப்பு உறையைக் கொஞ்சம் விலக்கிக் கை வைத்தேன். சூட்டில் ஓடும்போது பெரிய பைப் கொதிக்க வேண்டும், சின்னது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வெளியே இருக்கிற குளிரிலிருந்தே சூட்டைப் பிழிந்து எடுத்துப் பெரிய பைப் வழியாக உள்ளே அனுப்பி, கொடுத்தது போக மிச்சத்தைச் சின்ன பைப் வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிற மெஷின் இது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் அதன் உயிர். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் உள்ளே கேஸ் இல்லை, மெஷின் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம். கண்ணை மூடிப் பிடித்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. வித்தியாசம் துளியும் இல்லை. கேஸ் கம்மி என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் நான் தொட்ட மெஷின் எல்லாமே இப்படித்தான், கேஸ் கம்மி, கேஸ் கம்மி. இப்போது வருகிற செம்பு அவ்வளவு மட்டம், ஊசிமுனை ஓட்டைகளில் கசிந்து போய்விடுகிறது. முன்பெல்லாம் பைப் என்றால் பைப்பாக இருந்தது.

சூட்டில் ஓடும்போது இந்த மெஷினுக்குள் கேஸ் ஏற்ற முடியாது. வால்விலே உள் அழுத்தம் சிலிண்டரைவிட அதிகமாக இருக்கும், திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். அதனால் உள்ளறை யூனிட்டின் மூடிக்குள் இருக்கிற சின்னப் பட்டனை அழுத்திக் கட்டாயமாகக் குளிருக்கு மாற்றி ஓட்ட வேண்டும், கேஸ் ஏற்ற வேண்டும், திரும்பச் சூட்டுக்கு மாற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும், கை வைக்க வேண்டும். நான் குளிருக்கு மாற்றியதும் செண்பகவல்லி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தது. "என்னங்கண்ணா, சூடு கேட்டாக்க பனிக்காத்தைத் திறந்து உடறீங்க?" "மருந்து கசக்கத்தான் செய்யும், பொறுத்துக்குங்கம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனது. இங்கே வந்து சீல் உடைத்த புதுச் சிலிண்டர், நல்ல கேஸ். கொஞ்சம்தான் விட்டேன். சூட்டுக்கு மாற்றிக் காத்திருந்து கை வைத்தேன். ஒரே மாதிரி. இன்னும் கொஞ்சம் விட்டேன். திரும்பவும் காத்திருந்தேன். ஒரே மாதிரி. கேஜைப் பார்த்தால் முள் வெகுதூரம் தாண்டி நிற்கிறது. இந்தக் கேஜ் போன மழையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது, அன்றிலிருந்து அதற்குப் புத்தி சரியில்லை. கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். முள் அசையவில்லை. விழுந்த கேஜ் அப்படித்தான்.

ரெஜினா இங்கே இருந்தால் தராசை எடுங்கள் என்பாள். என் மனைவிக்கு என் தொழிலைப் பற்றி என்ன தெரியும், வர்க்கி போடுகிற பேக்கரியில் அடுப்படி வேலை அவளுக்கு. ஆனாலும் எனக்கு ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கிக் கொடுத்திருக்கிறாள், போன மாதம், என்னைக் கேட்காமலேயே. சிலிண்டரை அதன்மேல் வைத்து எத்தனை கிராம் போகிறதென்று பார்த்துப் பார்த்து விட வேண்டுமாம். இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம், கடைக்காரர் சொன்னாராம். நான் என்ன மளிகைக்கடையா வைத்திருக்கிறேன், துவரம்பருப்பு நிறுக்க. பைக்குள் அடியில் கிடக்கிறது, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. அவள் எதற்கு வாங்கினாள் என்பது எனக்குத் தெரியாதா. டம்ளர் விஷயத்துக்கு அப்புறம்தான் வாங்கினாள். அன்றைக்குக் காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய காப்பியை டம்ளரில் ஊற்றி வைத்தாள், நான் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பேப்பர் பார்த்தபடி நின்றேன், அவ்வளவுதான். பின்னாலேயே ஓடி வந்து டம்ளரைப் பிடுங்கினாள். பிடுங்கினவள் கையை உதறிக் கீழே போட்டாள், காப்பி முழுக்கப் படியில் கொட்டியது. "இதை எப்படிங்க பிடிச்சிட்டு நின்னீங்க?" "இதென்ன பெரிய சூடா" என்றேன். அவள் கையெல்லாம் பேக்கரித் தட்டு பட்ட தழும்பு, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோடு கோடாக. ஒவ்வொன்றும் எந்த நாள் பட்டதென்று சொல்வாள். சூட்டைப் பற்றி அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒரே பாட்டு: "யார் வீட்ல டீ குடுத்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி சுடுதான்னு ஒரு வார்த்தை கேளுங்க." குழந்தையா நான், சுடுதா சுடுதா என்று கேட்டுக்கொண்டு திரிய. ஊரில் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா, கை சவரிக்கு டீ டம்ளர் சுடுமா சுடாதா தெரியாதாம் என்று.

மூன்றாவது தடவையும் விட்டுவிட்டுக் காத்திருந்தபோது செண்பகவல்லி கதவிடுக்கில் தலையை நீட்டியது. "அண்ணா, உள்ள நல்லா கதகதன்னு இருக்குதுங்க. எனக்கு வேர்க்கவே ஆரம்பிச்சிருச்சு. போதாதுங்களா?" எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக வந்தது. மெஷினைப் பற்றி மெஷின்காரன் சொல்ல வேண்டும். "அது மேலோட்டமான சூடும்மா, நிக்காது. குழந்தை இருக்கிற ரூமு, அரைகுறையா விட்டுட்டுப் போனா நாளைக்கு நீங்கதான் அவஸ்தைப்படணும்" என்றேன். "நீங்க சொன்னா சரிங்கண்ணா" என்று போய்விட்டது. நான் சொன்னால் சரி. இந்த ஊரில் எத்தனை வீட்டில் இந்த வார்த்தையைச் சம்பாதித்து வைத்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தோடு கை வைக்கப் போகும்போதுதான் டக்கென்று மெஷின் நின்றது. விசிறி சுற்றி ஓய்ந்தது. உள்ளே மெஷின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று அந்த அம்மா கத்தியது. வோல்டேஜ். வேறென்ன. சாயங்காலம் நெருங்கினால் இந்தப் பக்கம் வோல்டேஜ் ஆடும். போன மாதம் வெலிங்டனில் ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் வீட்டில் கம்ப்ரஸரே எரிந்து போயிற்று, வோல்டேஜால்தான், நானே அவரிடம் சொல்லி ஸ்டெபிலைசர் வாங்க வைத்தேன். சிம்ஸ் பார்க் பக்கம் ஒரு வீட்டில் நான் கேஸ் ஏற்றிவிட்டு வந்த மறுநாளிலிருந்து நின்று நின்று ஓடுகிறது, அதுவும் வோல்டேஜ்தான். மெயினை அணைத்துப் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மெஷின் தானே எழுந்து ஓட ஆரம்பித்தது. பார்த்தீர்களா, வோல்டேஜ் என்றால் வோல்டேஜ்.

உள்ளங்கையில் ஏதோ பிசுபிசுக்கிறது. கம்ப்ரஸர் எண்ணெயாக இருக்கும். பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன். கீழே சரிவில் மஞ்சு ஏறி வருகிறது, தேயிலைச் செடிகள் பாதிதான் தெரிகின்றன. இந்த மாதிரி மஞ்சு ஏறின ஒரு மத்தியானத்தில்தான் பெட்போர்டு இறக்கத்தில் செருப்பு விஷயம் நடந்தது. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன். ஒன்றுமில்லை, நான் பாட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து பழக்கடைக்காரன் கூப்பிடுகிறான். திரும்பினால் என் வலது கால் செருப்பைத் தூக்கிக் காட்டுகிறான். குனிந்து பார்த்தேன், வெறுங்காலில் நிற்கிறேன். எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வந்தேன், ஒன்றும் தெரியவில்லை. சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான், "என்ன சவரிண்ணே, மதியமேவா?" என்று கேட்டான். நான் குடிக்கிறவன் இல்லை என்று அவனுக்கும் தெரியும். அதை ரெஜினாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே சர்க்கரை டாக்டர் என்பாள். மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், காலைக் காட்டுங்கள், கையைக் காட்டுங்கள். செருப்பு வார் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். வார் தளர்ந்தால் யாருக்கும் கழலும். ஆனால் செருப்பு கழன்றது தெரியாமல் தார்ரோட்டில் ஜல்லிமேல் நடக்கிறவன், அதுவும் குளிர்தான், காலும் மரத்துத்தானே போகும். இந்த இடத்தில் எண்ணம் எப்போதும் சிக்கிக்கொள்கிறது. அந்தப் பழக்கடைக்காரனும் அதே குளிரில்தான் நிற்கிறான், அவன் செருப்பு காலிலேயே இருந்தது. போகட்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, இரைச்சல் கொஞ்சம் கனமாக இருக்கிறது. கனமாகத்தான் இருக்கும், கேஸ் சேர்கிறது இல்லையா.

கை வைத்தேன். வலது கை பெரிய பைப்பில், முழுசாகச் சுற்றிப் பிடித்தேன், அழுத்திப் பிடித்தால் தெரியும். இடது கை சின்னதில். கண்ணை மூடினேன். ஒரே மாதிரி. இன்னும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, இதென்ன மெஷின், குடிக்கிற கேஸெல்லாம் எங்கே போகிறது. அப்போது செண்பகவல்லி ஓட்டமாக வந்தது, கையில் போன். "பர்லியார் தாண்டிட்டாங்களாம் அண்ணா! பாப்பா நல்லாத் தூங்குதாம்." முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் ஆகலைங்களா? எங்கே, அந்தச் சூடு எப்படித்தான் வருதுன்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள், என் வலது கைக்கு ஒரு விரற்கடை மேலே பைப்பில் விரலை வைத்தது. "அம்மா!" என்று அலறிக் கையை உதறிக்கொண்டு பின்னால் போனது, துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் தளும்ப என்னைப் பார்த்தது. என் முகத்தை இல்லை. என் கையைப் பார்த்தது. என் கை அந்தப் பைப்பைச் சுற்றிப் பிடித்தபடியே இருந்தது. "அண்ணா, உங்களுக்குச் சுடலைங்களா?" எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, எடுக்கச் சொல்லிக் கை ஒன்றும் சொல்லவில்லையே. "முப்பது வருஷப் பழக்கம்மா" என்றேன். எனக்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது. "அப்பப்பா, கையா இரும்பா" என்று வியந்துகொண்டே பச்சைத் தண்ணீரில் விரலை நனைக்க உள்ளே ஓடியது. அந்த வியப்பில் ஒரு நொடி குளிர் காய்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அப்புறம்தான் கையைப் பைப்பிலிருந்து எடுத்தேன். எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தது.

உள்ளங்கை நடுவே நெடுக ஒரு பட்டை, பைப் அகலத்துக்குச் சரியாக, வெளுத்து, ஓரமெல்லாம் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம் உடைந்து நீர் வழிகிறது. எண்ணெய் இல்லை அது. இதைத்தான் பேண்ட்டில் துடைத்தேன். பார்த்துக்கொண்டே நிற்கிறேன், இன்னும் எரியவில்லை. எரியேன் என்று அதைக் கெஞ்சுகிறேன். மற்றக் கை விரலால் கொப்புளத்தைத் தொட்டேன், தொடுவதும் தெரியவில்லை, தொடப்படுவதும் தெரியவில்லை, இரண்டு பேர் சம்பந்தமில்லாமல் பக்கத்தில் நிற்பது மாதிரி இருக்கிறது. பயமாக இருக்கிறது. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு பைப்பும் ஒரே மாதிரி இல்லை, என் இரண்டு கையும்தான் ஒரே மாதிரி. கொதிக்கிறதையும் வெதுவெதுக்கிறதையும் ஒன்றுபோலத் தொட்டுவிட்டு, கேஸ் கம்மி, கேஸ் கம்மி என்று எனக்கே சொல்லிக் கொண்டிருந்திருக்கின்றன. அப்படியானால் இந்தக் குளிர்காலம் முழுக்க? மிலிட்டரிக்காரர் வீடு. அவருடைய கம்ப்ரஸர் வோல்டேஜில் போகவில்லை, நான் வேண்டாத கேஸைத் திணித்துத் திணித்து மூச்சு முட்டிப் போயிருக்கிறது. அவர் என் பேச்சைக் கேட்டு ஸ்டெபிலைசர் வாங்கி, அதற்கு எனக்கு நன்றி வேறு சொன்னார். சிம்ஸ் பார்க் வீடு. ஒட்டுப்பட்டறையில் ஒரு டெய்லர் வீடு. செம்பு மட்டம் இல்லை, வோல்டேஜ் ஆடவில்லை, கீழே விழுந்த இந்தக் கேஜ்கூட இத்தனை நேரமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் தட்டித் தட்டி அதன் வாயை அடைத்தேன். பைப்பின் சூடு தெரியாத கைக்கு வேறென்ன தெரியும். ரெஜினாவுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் இந்தக் கையைத்தானே வைப்பேன். போன வாரம் வைத்தேன், ஒன்றுமில்லை போ என்றேன், அன்றைக்கு அவள் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

கம்ப்ரஸர் உறுமுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நிற்கும், நின்று நின்று ஒருநாள் எழுந்திருக்காமலே போகும். கீழே ஒரு கார் குழந்தையோடு வளைவு வளைவாக ஏறி வந்துகொண்டிருக்கிறது. அழுவதற்கு இது நேரமில்லை சவரி. கை போனால் போகட்டும், தலை எங்கேயும் போகவில்லையே. யோசி. சிலிண்டர் புதுசு, இங்கே வந்துதான் உடைத்தது. கடைக்காரர் அதன் கழுத்தில் மொத்த எடையை மார்க்கரில் எழுதித்தான் தருவார். மெஷினுக்கு எவ்வளவு திணித்தேன் என்று எனக்குத் தெரியாவிட்டாலும் சிலிண்டருக்குத் தெரியும். பைக்குள் கையை விட்டுத் தராசை எடுத்தேன். பிளாஸ்டிக்கை விரலால் கிழிக்க வரவில்லை, பல்லால் கிழித்தேன். சிலிண்டரைத் தூக்கி அதன்மேல் வைத்தால் எழுதியிருப்பதைவிட நானூறு கிராம் சொச்சம் குறைகிறது. அவ்வளவும் என் கைங்கரியம். சூட்டில் ஓடும்போது கேஸ் ஏற்ற முடியாதே தவிர, இறக்குவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. உள்ளே அழுத்தம் முட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியே சிலிண்டர் குளிர்ந்து கிடக்கிறது, வால்வைத் திறந்தால் தானே வரும். மயிரிழைதான் திறந்தேன். தராசில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. பார்க்கப் பார்க்கக் கம்ப்ரஸரின் உறுமல் இறங்கியது, கேஜ் முள் இறங்கியது, இரண்டும் ஒன்றுக்கொன்று தலையாட்டிக்கொண்டே இறங்கின. எழுதியிருந்த எடைக்கு வந்ததும் மூடினேன். போட்டது போட்டபடி அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. இந்த மெஷின் என்னிடம் ஒரு சொட்டு கேஸ்கூடக் கேட்கவில்லை. அதற்கு வேண்டியிருந்தது ஃபில்டர் கழுவுகிற ஒரு ஆள் மட்டும்தான்.

காத்திருந்தேன். இரைச்சல் சீரானது, அது காதுக்குத் தெரிந்தது, காது நன்றாகத்தான் இருக்கிறது. இனிமேல் பைப்பைப் பார்க்க வேண்டும். கை தானாக எழுந்து போயிற்று, பாதியில் நிறுத்தினேன். உள்ளே அந்த அம்மாவின் சத்தம் கேட்கிறது, தொட்டில் துணியை உதறிக்கொண்டிருக்கிறது. இரும்புக் கை என்று நம்பிக்கொண்டிருக்கிறது. பேசாமல் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அந்தப் பேர் அப்படியே நிற்கும். கணக்குப்படி மெஷின் சரி. ஆனால் கணக்குப்படி என்று விட்டுவிட்டுப் போகிற அறையில் படுக்கப்போவது யார். "அம்மா, கொஞ்சம் வாங்க. ஒரு ஒத்தாசை வேணும்" என்று கூப்பிட்டேன். வந்தது. "உங்க கை வேணும்மா. மறுபடி சுடும், சும்மா பட்டும் படாம வெச்சு எடுத்திருங்க. எனக்கு..." தராசை அணைத்துவிட்டுச் சொன்னேன். "எனக்குக் கையில சூடு தெரியறதில்லைம்மா. சர்க்கரை. இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன். "அய்யோ சாமி" என்று வாயைப் பொத்திக்கொண்டது. திட்டும் என்று நினைத்தேன். அது திட்டவில்லை, பரிதாபம் பேசியும் என்னைக் கொல்லவில்லை, சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு பைப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "எதைத் தொடோணும், சொல்லுங்க." பெரியதைத் தொட்டு வெடுக்கென்று எடுத்தது. "சுடுது. ஆனா முன்ன மாதிரி கொதிக்கலைங்க." சின்னதைப் பிடித்தது, பிடித்துக்கொண்டே யோசித்தது. "இது சுடலை. பாப்பாவைக் குளிப்பாட்டற தண்ணி பதமாட்டம் இருக்குதுங்க." அதுதான், அதேதான், இவ்வளவு சரியாக எந்தக் கேஜும் சொன்னதில்லை. "அவ்வளவுதாம்மா வேணும்" என்றேன். கை அந்த அம்மாவுடையது, புரிந்துகொண்டது நான். அந்த அளவுக்கு நான் இன்னும் மெக்கானிக்தான்.

அந்த அம்மா கொடுத்த மருந்தைப் புண்ணுக்குத் தடவிக்கொண்டு ரெஜினாவுக்குப் போன் செய்தேன். பேக்கரிச் சத்தத்துக்கு நடுவே "என்னங்க" என்றாள். "உன் தராசைப் பிரிச்சிட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் நின்றது. "நாளைக்கு டாக்டர்ட்ட போலாமா?" என்றாள். "போலாம். அப்புறம் நாலஞ்சு வீட்டுக்குத் திரும்பப் போகணும், கேஸ் இறக்க. நீயும் கூட வா, தொட்டுப் பார்க்க ஒரு கை வேணும்" என்றேன். வாசலில் கார் வந்து நின்றது, பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். துணிச்சுருளுக்குள் ஒரு முகம், எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும், மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே போயிற்று. அறைக்குள் போனதும் அதன் அம்மா தன் தலையிலிருந்து கம்பளியை எடுத்துவிட்டு, "அக்கா, ரூம் எவ்ளோ இதமா இருக்கு" என்று சொன்னது இந்தப் பின்கட்டுவரைக்கும் கேட்டது. நான் பையைக் கட்டினேன், தராசை மேலாக வைத்தேன். செண்பகவல்லி அந்தச் சந்தோஷத்திலும் என்னை மறக்காமல் ஒரு டம்ளர் டீயோடு வந்து நீட்டியது, ஆவி பறக்கிறது. கையை நீட்டினேன். நீட்டிய கையை நிறுத்தினேன்.

"சுடுதாம்மா?" என்று கேட்டேன்.

"சுடுதுங்கண்ணா. வெச்சுட்டுப் போறேன், ஆறட்டும்."

துவைக்கிற கல்லின்மேல் டம்ளர் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.